நாற்பத்திரண்டு பாகை

டொக்டர் நுஸ்ரத் ஒரு தாளில்
வயிற்றை வரைந்தார், பானை மாதிரி.
உள்ளே குடல். அதைச் சுற்றி
பேனையை எடுக்காமல் மெல்லிய ஒரு கோடு.
"இதுதான் சவ்வு. குடலில இருந்த கட்டி
இஞ்சயெல்லாம் கொட்டுண்டு போச்சுது."
பிறகு பேனை நுனியால்
புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டிருந்தார்.
எப்போது நிறுத்துவார் என்று பார்த்தேன்.

சவ்வரிசி மாதிரி, என்றார் குகதாசன்.
டொக்டர் ஓம் என்றார்.
அந்தப் போத்தலை நான் பிறகு திறக்கவில்லை.

வைத்தியம் என்னைவிட அவருக்குத்தான் முதலில் விளங்கியது.
இருபத்தாறு வருசம்
உள்துறைமுகத்தில் வள்ளங்களைக் கரையேற்றி
அடிப்பக்கம் சுரண்டுகிறவர்.
"முதல்ல ஒட்டினது எல்லாத்தையும் சுரண்டுவினம்.
பிறகு மருந்தைச் சூடாக்கி வயித்துக்குள்ள விட்டு
ஒண்டரை மணித்தியாலம் அலசுவினம்,
கண்ணுக்குத் தெரியாத குஞ்சுச் சிப்பியும் சாக வேணுமெல்லோ."
யாரோ ஒருவரின் வள்ளத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

எத்தனை பாகை, என்று கேட்டேன்.
பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை எனக்கு,
கேட்க வருகிற கேள்வி அதுதான்.
நாற்பத்திரண்டு.

கன்னியாக் கிணறு என்று வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஏழு கிணற்றிலும்
வெப்பமானி இறக்கி
கொப்பியில் எழுதுவித்தவள் நான்.
ஆனால் எங்கட சனம் அங்கே போவது
முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு.

பெரியாஸ்பத்திரியில் நாலு லீற்றர் தண்ணி வடித்தார்கள்,
வைக்கோல் நிறத்தில்.
காற்சட்டை இடுப்பில் நின்றது. அன்றிரவே கொழும்பு பஸ்.
ஹபரணையில் தேத்தண்ணி குடித்தோம்,
அவர் பாதி, மிச்சம் நான்.

பத்து மணித்தியாலம் செல்லும் என்றார்கள்.
ஒன்றே முக்காலில் கதவு திறந்தது.
வேலை கெதியில் முடிந்ததற்குச்
சந்தோசப்படுகிற விசரி இல்லை நான்.
சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களத்தில் சொன்னார்,
தாதி தமிழில்:
சின்னக் குடலின் அடிவேர் முழுக்கப் பிடித்திருக்கிறது.
அதை எடுத்தால் குடலே மிஞ்சாது.
மூடிவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி:
"ஊத்தினவையோ?"
இல்லை.
காற்றாடி எத்தனை தரம் சுற்றியதோ.
"உக்கின பலகையைச் சுரண்டக்கூடாது.
சுரண்டினா ஓட்டை விழும்.
அந்தாள் தொழில் தெரிஞ்ச ஆள்."

இப்போது இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கீமோ.
குளிர் ஆகாது. பச்சைத் தண்ணியில் கை வைத்தால்
விரல் நுனியில் நண்டு கடிக்கிறதாம்.
குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க மட்டும்
என்னைக் கூப்பிடுவார்.
வாயைக் கொப்பளிக்கவும் சுடுதண்ணி.

கார்த்திகையில் ஒருநாள் தானாகவே சொன்னார்,
"கன்னியாவுக்குப் போவம்."
அங்கையோ, என்றேன்.
"செத்தாப்பிறகு நீ போவாய்.
நான் எப்ப போறது?"

ஆய்வுகூட அலுமாரியிலிருந்து
வெப்பமானி ஒன்றைக் கைப்பைக்குள் வைத்தேன்,
பதிவுப் புத்தகத்தில் எழுதாமல்.
ஓட்டோக்காரன் சேறு மிதியாமல்
கிணற்றடிவரை கொண்டுபோய் விட்டான்.
சேட்டைக் கழற்றினார்.
நெஞ்சுக்குழியிலிருந்து கீழே
நேரான தழும்பு, கோணாத ஒரு தையல்.
அதைச் சுற்றி வயிறு திரும்பவும் ஊதத் தொடங்கியிருந்தது.

வாளியில் அள்ளி ஊற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டு, எத்தினை, என்றார்.
முப்பத்தொன்பது.
பொய் சொல்லியிருக்கலாம்.
"காணாது," என்றார், சிரித்தார்,
"அப்ப ஒண்டரை மணித்தியாலம் ஊத்து."

ஊற்றினேன். தோள் நோகும்வரை.
ஒவ்வொரு வாளிக்கும்
விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார்,
கடிக்கவில்லை.

பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது,
மொட்டை வழித்த பெடியன் ஒருவன், ஈரச் சால்வை.
வாளி எப்போது கிடைக்கும் என்று பார்த்தபடி
அந்த மனிசி மெல்லக் கேட்டா,
"உங்கட ஆற்றை காரியம், தங்கச்சி?"

ஒருத்தற்றையும் இல்லை, என்றேன்.
குளிக்க வந்தனாங்கள்.