இரண்டாம் ரத்தம்

முதல் ரத்தம் எளிது.
காய்ச்சல்காரர்கள் தாமாகவே கை நீட்டுவார்கள்.
ஐப்பசி அடைமழையில்
கொரடாச்சேரி ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில்
கண் சிவந்து, கெண்டைக்கால் கல்லாகி
உட்கார்ந்திருந்தாள் தனபாக்கியம்.
நாற்பத்தேழாம் எண்.
அன்றைக்கே மாத்திரை கொடுத்தாயிற்று.
அது மருத்துவம்.

ஆராய்ச்சி பதினான்காம் நாள் தொடங்குகிறது.

தெளிந்தவர்களைத் தேடிப் போவதுதான் என் வேலை.
மொபெட்டின் முன்னால் ஐஸ் பெட்டி,
அதற்குமேல் மழைக்கோட்டு, அதற்கும்மேல் மழை.
முப்பத்திரண்டாம் எண் திருப்பூர் போய்விட்டான்.
பத்தொன்பது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு.
ஐம்பத்தொன்று வெண்ணாற்றுக் கரையில்
சீட்டாடிக்கொண்டே சொன்னான்:
'ஒரு தடவ ஏமாந்தது போதும்.'
அட்டவணையில் இவர்களுக்கு ஒரே பெயர்:
தொடர்பு விட்டுப்போனவர்கள்.
யார் விட்டது என்று அதில் கேட்பதில்லை.

அந்தக் கிருமியை நான் பார்த்திருக்கிறேன்.
இருட்டுப் புலத்தில் வெள்ளி இழையாய்
தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு நீந்தும்.
முனை கொக்கியாக வளைந்திருக்கும்.
பெயர் வைத்தவர்களுக்கு அது
கேள்விக்குறியாகத் தெரிந்ததாம்.
நம் சுவடிகளில் ஏது அந்தக் குறி?
நமக்குக் கேள்வி என்பது
சொல்லின் வாலில் ஒட்டும் ஓர் 'ஆ'.
காய்ச்சலா? விட்டுச்சா?
எலியா? தண்ணியா?

தனபாக்கியம் நடவில் இருந்தாள்.
பதினோரு முதுகுகளில் எந்த முதுகு நாற்பத்தேழு
என்று வரப்பில் நின்று கூப்பிட வேண்டியிருந்தது.
நிமிர்ந்தாள். நாற்றுமுடியைக் கீழே வைக்கவில்லை.
'காச்ச போயிடுச்சே, இன்னும் எதுக்கு ரத்தம்?'

சொல்லிப் பார்த்தேன்.
முதல் ரத்தம் வீடு எரிந்தது என்று மட்டும் சொல்லும்;
கொளுத்தியது யார் என்று
இரண்டாம் ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.
உள்ளே நடந்த சண்டையில் உடம்பு
எதிராளியின் சாயலை மனப்பாடம் செய்திருக்கும்,
நாலு மடங்கு ஏறியிருந்தால் உறுதி.

'ஆளு தெரிஞ்சா என்ன செய்வீங்க?'

ரப்பர் பூட்ஸ் என்றேன்.
பதினோரு பேரும் சிரித்தார்கள்.
அந்தச் சேற்றில் பூட்ஸ் நிற்கும்,
கால்தான் வெளியே வரும்.

பிறகு என்ன நினைத்தாளோ,
வரப்பேறி வந்தாள்.
கையைக் கழுவச் சொன்னேன்.
வாய்க்காலில் குனிந்து
அதே தண்ணீரில் கழுவினாள்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
குதிகால் வெடிப்பில் சேறு பூசியிருந்தது,
கதவைச் சாத்தியது போலவும்,
திறந்துவைத்தது போலவும்.
ஸ்பிரிட் பஞ்சு, நரம்பு, ஐந்து மில்லி.
ஒரு தவளை ஐஸ் பெட்டிமேல் ஏறி இறங்கியது.

தை பிறந்துதான் முடிவு வந்தது.
ஐம்பதில் ஒன்று, எண்ணூறில் ஒன்றாக ஏறியிருந்தது.
கூடத்தில் எல்லோரும் கைகுலுக்கினோம்.
அறுபத்திரண்டு முதல் ரத்தம்,
இருபத்து மூன்று இரண்டாம் ரத்தம்;
கட்டுரைக்குப் போதும் என்றார் புள்ளியியல்காரர்,
மீதியை நீக்கிவிடலாம் என்றார்.

முடிவைச் சொல்லப் போனேன்.
அதற்குப் பெட்ரோல் படி கிடையாது.
களத்துமேட்டில் பதர் தூற்றிக்கொண்டிருந்தாள்.
'எலிதான்க்கா. வயல் தண்ணி வழியா.'
'எலின்னு நாங்களே சொல்லிருப்போமே.'
எந்த எலியின் எந்த வகை என்று
ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

'அன்னிக்கு மேட்டுல ஏறி நின்னதுக்கு
அம்பது ரூபா புடிச்சிட்டாங்க கூலில.
அது உன் கணக்குல வருமா?'

வருமா.

திரும்பும் வழியில் லெவல் கிராசிங்கில்
மன்னார்குடி வண்டிக்காக நின்றபோது
பையிலிருந்து அட்டவணையை எடுத்தேன்.
வயது, பால், தொழில், கால் புண்,
முதல் ரத்தம், இரண்டாம் ரத்தம்.
ஓரத்து வெள்ளையில் பென்சிலால்
ஐம்பது என்று எழுதினேன்.
தலைப்பு எழுதத் தெரியவில்லை.
கேட் திறந்துவிட்டது,
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.