ஒத்திகை மாதங்கள்

மார்ச் இருபத்தைந்தாம் திகதி
என் சம்பளம் வந்த ஐந்தாம் நிமிடம்
அதைக் காணாமல் போகச் செய்தோம்.
வேறொரு வங்கி, வேறொரு கணக்கு,
அட்டை வேண்டாமென்று சொல்லித் திறந்தது.
"இனி நீ உழைக்கேல்லை" என்றார் தயாபரன்.
ஆறு மாதத்துக்கு அப்படித்தான் என்று பேச்சு.

ஆனால் விடிய நாலரைக்கு எழும்பி
ஓல்டன் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப்
போய்க்கொண்டுதான் இருந்தேன்.
ஓடும் பட்டியில் தட்டுகள் வரும்.
உப்பாகாதவருக்கு நீலச் சீட்டு,
சீனி வருத்தக்காரருக்குப் பச்சை.
யாருக்கு எது கூடாதென்று
பதினேழு வருடம் பார்த்துப் பார்த்து வைத்த கை.

இரவில் அதே கை
மூன்று தமிழ்க் கடைகளுக்கும் ஒரு சலூனுக்கும்
கணக்கு எழுதும்.
ஆட்டிறைச்சி வாங்கிய துண்டையும்
மருமகனுக்குக் கேக் வாங்கிய துண்டையும்
ஒரே பையில் கொண்டுவந்து கொட்டுவார்
சிவபாதம் அண்ணை.
இது கடைச் செலவில்லை என்று
நான் தள்ளி வைப்பதை
அவர் திருப்பி எடுத்து வைப்பார்.
அந்த வேலையைத்தான் முழு நாளும்
வீட்டிலிருந்து செய்யப்போகிறேன்.
அதற்குத்தான் இந்த நாடகம்.

முதல் மாதம் ஒரே புளுகம்.
அவருடைய களஞ்சியச் சம்பளத்திலும்
என் இரவுக் காசிலும்
வாடகை கட்டி, நாலு பேருக்கும் காப்புறுதி கட்டி,
மிச்சத்தில் விளைமீன்கூட வாங்கினோம்.

மே மாதம்
போன குளிருக்கான ஹீற்றர் கணக்கு வந்தது.
வெளியே மரமெல்லாம் பூ.
கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினோம்.
மூன்று நாள்
பால் எடுக்கப் போன ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூனில் ஆரணிக்குப் பல்லு.
பல்லைக் காப்புறுதியில் சேர்க்காத நாடு இது.
நாலாயிரத்து அறுநூறு என்று
வைத்தியர் மெதுவாய்த்தான் சொன்னார்.
அன்றிரவு அந்த மற்றக் கணக்கின் பெயரை
அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
அறைக்குள் ஒளித்திருக்கும் பணக்கார உறவினர் மாதிரி
அது மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.
கடைசியில் தவணை கேட்டோம், பத்து மாதம்.
பஸ்ஸில் வரும்போது ஆரணி சொன்னாள்:
"வேணுமெண்டா நான் சிரிக்காமல் இருக்கிறன் அம்மா."

வசந்தமலர் அக்காவின் சீட்டை
பதினெட்டு மாதமாய்க் கூறாமல் வைத்திருந்தேன்.
இடையில் எடுத்தால் கழிவு,
கடைசிச் சீட்டுக்கு முழுக்காசு.
மாதம் ஒருவர் அவசரத்தில் குறைத்துக் கூறி எடுக்க
அவர்களின் அவசரத்தில் ஊறியது என் லாபம்.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
இன்னும் எனக்குத் தெரியாது.

பிறகுதான் சம்பளத் துண்டை ஒழுங்காய் வாசித்தேன்.
ஓய்வூதியத்துக்குப் பாதி,
வேலையில் விழுந்தால் முழுதும்
ஆஸ்பத்திரி கட்டிவந்திருக்கிறது, சத்தமில்லாமல்.
இனி இரண்டு பாதியும் நான்.
விழுந்தாலும் நான்தான் தூக்க வேணும்.

செப்டெம்பரில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன்.
திருமதி வூத்ரிச் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.
"சம்பளம் போதவில்லையா?"
நான் ஆறு மாதமாய்ச் சம்பளமே வாங்கவில்லை என்பதை
ஜெர்மனில் எப்படிச் சொல்வது?
இல்லை, நல்ல சம்பளம் என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

இரவு அந்தக் கணக்கைத் திறந்தோம்.
இருபதாயிரத்து எழுநூறு.
இரண்டு பேருக்குமே வேலை இல்லையென்றாலும்
நாலு மாதம் தாங்கும்.
மீன் வாங்காவிட்டால் நாலரை.

மேசையைத் துடைத்துவிட்டு
புதுக் கோப்பொன்றில் என் பெயரை எழுதினேன்.
முதல் துண்டு, அந்தப் பதிவுத் தபாலுக்கானது.
வீட்டுச் செலவு என்று தள்ளி வைத்தார் தயாபரன்.
நான் திருப்பி எடுத்து வைத்தேன்.