நூற்றுப் பதினேழாம் குப்பி

தார்த்து நகரில் ஆற்றின் மேல்
பனி பாளம் பாளமாய் நகரும் மார்ச்.
ஹில்யா ரவுத்செப்புக்குப் பணியின் கடைசி வாரம்.
கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள்
இரு கைகளையும் நுழைக்கிறாள்.
உள்ளே ஆக்சிஜன் இல்லை.
நமக்கு மூச்சு எதுவோ
அதுதான் அங்கிருப்பவற்றுக்கு நஞ்சு.

உடன் படித்தவர்கள்
இதயத்தையும் மூளையையும் எடுத்துக்கொண்டார்கள்.
இவள் கேட்டு வாங்கியது
குடலின் கடைக்கோடி,
மலம்,
அதில் குடியிருக்கும் கோடானுகோடி.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பவர்
ஒருநாள் அந்த ஆய்வகத்தில்
மூக்கைப் பிடித்தபடி நின்றிருக்க வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில் மின்சாரம் போன இரவு
உறைபெட்டியைச் சுற்றி வீட்டுக் கம்பளிகளைப் போர்த்தினாள்.
வெளிப்பனியை வாளி வாளியாய் அள்ளிவந்தாள்.
மைனஸ் எண்பதுக்கு அது காணாது, தெரியும்.
தொலைபேசியில் கணவன் இந்திரேக் கேட்டான்:
'யார் வீட்டு மலத்துக்கு நம் போர்வை?'
கேள்வி நியாயமானதே.

பிறகு எலிகள்.
பருத்த எலியின் குடலிலிருந்து எடுத்து
கிருமியே அறியாத எலிக்குக் கொடுத்தாள்.
பதினாலாம் நாள் அதுவும் பருத்தது.
லிஸ்பனில் கைதட்டினார்கள், கியோத்தோவில் கைதட்டினார்கள்.
ஆறு வருடம் கழித்து ஒசியெக்கிலிருந்து ஒரு கடிதம்:
எங்களுக்கு வரவில்லை.
திரும்பச் செய்தாள்.
அவளுக்கும் வரவில்லை.
தீனி மூட்டை மாறியிருந்தது;
பழைய கம்பெனி கலந்த ஏதோ ஒரு நார்
புதியதில் இல்லை.
'நான் சொன்னது தவறு' என்று
தன் பெயரிலேயே அச்சிட்டாள்.
அதற்கு யாரும் கைதட்டவில்லை.
மீதிப் பதினேழு வருட வேலை
அந்த நாரைப் பிடித்துக்கொண்டுதான் போனது.

இப்போது உறைபெட்டியைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.
எதை எறிய, எதை வைக்க?
நூற்றுப் பதினேழு.
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான்.
அவளுக்குத் தெரியும்: கல்யூ பேர்ன், பேருந்து ஓட்டுநர்,
ரை ரொட்டியும் புளித்த முட்டைக்கோசும் தின்று
எத்தனை எடை கூடியும் சர்க்கரை ஏறாத மனிதர்.
பனியில் சறுக்கிய லாரி ஒன்றால்
இறந்து பதினெட்டு வருடம்.

ஒரு துளியை உள்ளே விட்டாள்.
மூன்றாம் நாள் தட்டில்
கடுகு கடுகாய் வெண்புள்ளிகள்.
அவருக்கு வயிறில்லை இப்போது;
இவை பசியோடு எழுந்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை விடைபெறு விருந்து. கேக்.
கழிவறையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தாள்:
பதினொன்று புள்ளி நான்கு.
எட்டு வருடமாய் அவளுக்கும் அந்த நோய்.
ஆய்வகத்தில் எவருக்கும் சொன்னதில்லை.
திரும்பி வந்து
மெல்லிய துண்டொன்றை வாங்கிக்கொண்டு
உறைபெட்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று
பையைத் துழாவினாள்.