நீளத்தாண்டல் மணல்

நேற்றிரவு கொசுவலைக்குள் படுத்தபடி
பத்துக் கேள்விகள் எழுதினேன்,
அரிசி வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில்.
நாடாளுமன்றத்தில் இருக்கைகள் எத்தனை?
நதிப் பாலத்தின் கடனை யார் கட்டுகிறார்கள்?
இப்படி. ஏழு சரியென்றால்
கையில் ஒரு கோலி கொடுப்போம்.
இல்லையென்றால் வீட்டுக்குப் போ,
படித்துவிட்டு அடுத்த தேர்தலுக்கு வா.

எல்லாம் யெர்ரோ பல்டேயால் வந்த கோபம்.
போன முறை அவன் ஆரஞ்சு டிரம்மில் போட்டான்,
அதுதான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததாம்.
முழங்கால் வலியாம்.
மூன்றாவது சுற்றுத் தேநீரில் அவனே சொல்லிச் சிரித்தான்,
கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.
நானும்தான். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

எழுத்துத் தெரியாதவர்களுக்காக
காம்பியாவில் கோலியால் ஓட்டுப் போடுகிறோம்.
டிரம்முக்கு ஒரு நிறம், ஒரு முகம்.
கோலி விழுந்தால் உள்ளே மணி அடிக்கும்,
ஒரே ஒருமுறை.
இரண்டாவது ஒலி எழாதிருக்க அடியில் மணல்.
மணலை நான்தான் கொண்டுவந்தேன்,
பள்ளிக்கூடத்து நீளத்தாண்டல் குழியிலிருந்து.
ரொட்டிக்காரன் தன் சைக்கிள் மணியில்
கந்தல் சுற்றித் தள்ளிக்கொண்டு போனான்.

பத்து மணிக்கு தெனெங் சாஹோ வந்தாள்.
நிலக்கடலைத் தூசி இன்னும் புருவத்தில்.
விரலில் மை வைக்கும்போது கேட்டாள்:
'வாத்தியாரே, வெள்ளை டிரம்காரர்
உயிரோடுதான் இருக்கிறாரா?
செத்துவிட்டார் என்கிறார்கள் படகுத்துறையில்.'

எனக்குத் தெரியும்.
செத்தது அவருடைய அண்ணன்.
ஒரே ஒரு வார்த்தை போதும்.
ஆனால் இன்று இந்தச் சுவர்களுக்குள்
எந்த வேட்பாளரைப் பற்றியும்
நான் வாய் திறக்கக் கூடாது.
'என் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தவன்தானே நீ?'
கோலியை நீட்டினேன்.
ஆண்டு முழுக்க விடை சொல்லிப் பிழைக்கிறவன்
உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரைக்குப் பின்னால் சத்தமில்லை.
அறுபதுவரை எண்ணினேன்.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியபோது
மணி.

யெர்ரோ வெயில் ஏறியபின் வந்தான்.
கழியின் ஓசை: வாசலோரத்து ஊதா டிரம்மைத் தாண்டியது.
அடுத்ததையும் தாண்டியது.
அந்தக் காலோடு
கடைசி டிரம்வரை நடந்தான்.
நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.
ஏன் அவ்வளவு தூரம் நடந்தான் என்பதைத்
தெரிந்துகொள்ளும் கேள்வி
என் பத்தில் ஒன்றுகூட இல்லை.

எல்லோருக்கும் கடைசியாக நான்.
பத்துக்குப் பத்து எடுப்பவன்.
ஊதா டிரம்காரரின் மச்சானுடைய மேசையில்
என் இடமாறுதல் கோப்பு எட்டு மாதமாகக் கிடக்கிறது,
கடலோரத்துப் பள்ளிக்கு.
முழங்கால் வலி எனக்கில்லை.
இரண்டே எட்டில் போட்டுவிட்டு வந்தேன்.
எல்லோருக்கும் அடித்த அதே மணிதான் எனக்கும்.

இரவில் எண்ணும் பலகையின் குழிகளில்
கோலிகளைப் பரப்பினோம்,
பல்லாங்குழிக்கு உட்கார்ந்தவர்கள் போல.
மேசை ஆடியது. ரசீதை நாலாக மடித்துக்
காலுக்கு அண்டக் கொடுத்தேன்.
என்னுடையது எதுவென்று தேடினேன், தெரியவில்லை.
பட்டியலில் இருநூற்றுப் பதினொரு பேர்,
பலகையில் இருநூற்றுப் பத்து.
மறுபடி எண்ணினோம். மறுபடியும்.
முகவர்கள் கொட்டாவி விட்டார்கள், ஒன்றுதானே என்றார்கள்.
கணக்கு வாத்தியார் நான் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை மணலைக் குழியில் திருப்பிக் கொட்டினோம்,
மூன்று டிரம்முடையதையும் ஒரே கோணியில் கட்டி வந்து.
ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து தாண்டினான்.
எழுந்தவன் தொடையைத் தேய்த்துக்கொண்டே
காலடியைத் துழாவி எதையோ எடுத்தான்.
ஊதி மணலைப் போக்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

'சார், இதை நான் வைத்துக்கொள்ளவா?'

இப்போது என்னைப் பேசக்கூடாதென்று சொல்ல
எந்த விதியும் இல்லை.