மூன்று குறைகிறது

இருநூற்று முப்பத்தேழு.
மறுபடி கூட்டினேன், அதேதான்.
செகெட் கணிதத் துறையில்
கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
மற்றவர்கள் எண்களைத் தாண்டி
வெகுதூரம் போய்விட்டார்கள்.

எமோகே வட்கெர்தி
ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.
ஆய்வேடு முடிந்துவிட்டது, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வார்சாவில் இரண்டு பேர் படித்துவிட்டுச்
சரி என்று எழுதியிருக்கிறார்கள்.

"பட்டத்துக்கு இருநூற்று நாற்பது கிரெடிட்" என்றேன்.

மூன்றாம் பருவத்தில்
அளவைக் கோட்பாடு வகுப்பைப் பாதியில் விட்டிருக்கிறாள்.
காரணம் கோப்பில் இல்லை.
அந்த மார்ச் முழுக்க அவள்
அளவைக் கோட்பாட்டில்தான்
ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாளாம்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

"முடிவிலியிலிருந்து மூன்றைக் கழித்தாலும் முடிவிலிதானே?"
"எங்கள் மென்பொருள்
மூன்று இலக்கத்துக்கு மேல் ஏற்காது, கண்ணே."

மிச்சமிருந்தது ஒன்றுதான்:
செவ்வாய் காலை எட்டு மணி,
மருந்தியல் முதலாண்டுக்குப் பயிற்சி வகுப்பு.
சதவீதம், கரைசல், விகிதம்.
பதினான்கு வாரம். மூன்று கிரெடிட்.
கையெழுத்துப் போட்டாள், பேனா கிழித்துவிடும் போல.

ஆறாம் வாரம் தானாகவே வந்து உட்கார்ந்தாள்.
"பாலிந்த் என்று ஒரு பையன் கேட்கிறான்,
பத்து சதவீதம் இறக்கிப் பத்து சதவீதம் ஏற்றினால்
ஏன் பழைய இடத்துக்கே வருவதில்லை என்று.
மூன்று வழியில் சொல்லிப் பார்த்தேன்.
புரிந்தது என்றான். முகம் அப்படிச் சொல்லவில்லை."

எனக்கும் புரிந்ததில்லை என்றேன்.
நெருக்கடி வந்த வருடம்
சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டினார்கள்,
பிறகு பத்து சதவீதம் கூட்டினார்கள்.
கையில் குறைவாகத்தான் வந்தது.
சம்பளப் பிரிவில் இருந்த எர்னோ
நடுவில் எடுக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.
அவனோடு பேச்சை நிறுத்தி வருடங்களாகின்றன.

காலாவதியான ஒரு படிவத்தின் முதுகில்
பென்சிலால் எழுதினாள்.
நூறு.
தொண்ணூறு.
தொண்ணூற்றின் பத்தில் ஒரு பங்கு, வெறும் ஒன்பது.
தொண்ணூற்றொன்பது.

"அப்படியானால் அந்த ஒன்று எங்கே?"
அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.
"பாலிந்தும் இதையேதான் கேட்டான்."

ஜூனில் திஸ்ஸா ஆற்றின் மேல் பூச்சிகள் பூத்தன.
மூன்று வருடம் கரைக் களிமண்ணில் கிடந்து
ஒரே மாலை பறப்பவை.
ஊரே பாலத்தில் நின்றது.
நான் மதிப்பெண் பதிவேற்றிக்கொண்டிருந்தேன்.
கடைசி நாள் அன்று.

வட்கெர்தி எமோகே, பயிற்சி வகுப்பு, மூன்று.
பொத்தானை அழுத்தினேன்.
இருநூற்று நாற்பத்தொன்று என்றது திரை.

காகிதமெடுத்து மறுபடி கூட்டினேன்.
இரண்டாம் பருவம், கருத்தரங்கம்,
ஒரு கிரெடிட்.
என் விரல் தாண்டிப் போயிருந்த வரி.

எப்படியும் குறைந்துதான் இருந்திருக்கும்,
மூன்றுக்குப் பதில் இரண்டு.
அவளிடம் சொல்லவில்லை.

எர்னோவைத்தான் தேடிப் போனேன்.