பதினேழாவது நிமிடம்

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்கால்,
பாலை மரத்தில் கட்டிய பரண்.
யானைவெடி மூன்று, டோர்ச் ஒன்று,
முள்ளியவளையில் பழசாய் வாங்கிய போன்.

முந்தி வைத்திருந்தவன் அழிக்க மறந்தது
இந்த ஒன்றைத்தான்: இருபத்தாறு நிமிடம்.
பாட்டுக்குப் பெயரில்லை, ஏழு என்று மட்டும் கிடக்கிறது.
எந்த நாட்டு மண்டபமோ, நான் பிறக்க முன்னம்.
தொடக்கத்தில் சனத்துக்குள் ஒருவன் இருமுகிறான்.
அந்த இருமல் எனக்கு மனப்பாடம்.

நாலு நிமிடத்தில் பாடுகிறவன் ஓய்ந்துவிடுவான்.
பிறகு கிற்றார்க்காரன்
வரம்பை விட்டிறங்கி நடக்கத் தொடங்குவான்.
பேஸ்காரன் கொஞ்சத்தூரம் கூடப் போவான்.
பதினேழில் வழி தவறும்.
பிழை ஒன்று விழும், எனக்கே கேட்கும்.
விரல் திரும்பவும் அதே பிழையில் போய் நிற்கும்,
இன்னொருதரம்,
இன்னொருதரம்,
டிரம்ஸ்காரன் அதைப் பிடித்துக்கொள்வான்.
அதற்குப் பிறகு அது பிழையில்லை.

ஒரு காதுக்குத்தான் இயர்போன்.
மற்றது யானைக்கு.

நேற்று அந்த இடத்தில்தான்
வாய்க்கால் கரையில் கொப்பு முறிந்தது.
நெருப்புப்பெட்டியை எடுத்தேன்.
பாட்டை நிறுத்த மனம் வரவில்லை.
இருட்டு ஓரிடத்தில் மட்டும் தடித்து நின்றது,
செவி விசிறுகிற சத்தம்.
அடுத்தது என்னவென்று
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
அங்கே மேடையில் நின்ற நாலு பேருக்கும் தெரியாது.

சனம் கைதட்டி முடிய
பக்கத்துக் காவலில் கோணேசன் வெடி கொளுத்தினான்.

விடியப் பார்த்தால் எங்கட பக்கம்
ரெண்டு பாத்தி நெல் மிதிபட்டுக் கிடக்கு.
மூன்று வெடியும் அப்படியே.
வயற்காரர் சபாநாதர் கேட்டால்
நித்திரையாகிவிட்டேன் என்று சொல்லலாம்.