தந்தம்: இல்லை

செந்தூலில் பதினோராவது மாடி.
லிஃப்ட் கெட்டு நான்கு நாள்.
அதனால்தான் வெளியே போவதில்லை
என்று சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே இரவு பதினொன்று, அங்கே மாலை ஐந்து.
ஆப்பிரிக்காவில் ஒரு பூங்கா.
மரத்தில் கட்டிய கேமராக்கள்
அசைவதையெல்லாம் பிடித்து எனக்கு அனுப்புகின்றன.
பார்த்துப் பெயர் போட வேண்டும்.
படத்துக்கு மூன்று சென்.
வெற்றுப்படமென்றால் அரை சென்.

வெற்று. வெற்று. புல் அசைந்திருக்கிறது.
வெற்று.
காட்டுப்பன்றி, வாலைக் கொடிக்கம்பமாக நிறுத்தி.
வெற்று.
மழைத்துளி ஒன்று லென்ஸில் உட்கார்ந்து
முப்பத்தாறு படங்களைத் தின்றது:
பதினெட்டு சென்.

சண்டை நடந்த காடாம்.
சிப்பாய்க்குச் சோறும் யானை,
துப்பாக்கிக்கு விலையும் யானை.
பயிற்சிக் கையேட்டில் அதற்கு ஒரே வரி.
அடுத்த வரி:
நீர்மானையும் இம்பாலாவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாதம் ஒருமுறை ஒருவன் வருவான், பேட்டரி மாற்ற.
முதலில் தொப்பி, பிறகு கன்னத்துத் தழும்பு,
பிறகு படம் முழுக்க உள்ளங்கை.
துடைக்கிறான்.
அவனுக்கு நான் போட வேண்டிய பெயர் ‘மனிதன், ஊழியர்’.
சட்டையில் தைத்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
ஜுவென்சியு.
அதைப் போடப் பட்டியலில் இடமில்லை.

யானைக்கு மட்டும் கேள்வி கூடுதல்.
ஆணா, பெண்ணா. காதில் கிழிசல் உண்டா.
தந்தம்: இரண்டு, ஒன்று, இல்லை.
கூட்டத்தின் மூத்தவள் வருகிறாள். இல்லை.
அவள் மகள். இல்லை.
மகளின் மகள், தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல்
தானே மிதித்துக்கொண்டு. இல்லை.
இருந்தவற்றைச் சுட்டார்கள்,
இல்லாதவை பெற்றுப் போட்டன.
முகத்தில் எதையும் வைத்திருக்கக் கூடாதென்று
வயிற்றிலேயே தெரிந்துகொண்டு வருகிறது கன்று.

அண்ணன் சர்குணன்
கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டினான்.
ஒருநாள் ஒரு பெட்டி, தாளில் ‘பழைய பிளாஸ்டிக்’.
சுங்கத்துறை திறந்தபோது
முன்வரிசையில் பிளாஸ்டிக்தான் இருந்ததாம்.
மூன்று நாள் விசாரித்து, சாட்சி என்று எழுதி விட்டார்கள்.
வீட்டுக்கு வந்து குளித்தான்.
மறுபடியும் குளித்தான்.
‘அடியில் சதை காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு’ என்றான்.
அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.
முந்திய தீபாவளிக்கு அவன் வாங்கித் தந்த
வெள்ளை வளையலை நானும் போடவில்லை.
அது பிளாஸ்டிக்.
நிஜமான பிளாஸ்டிக்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
யாருக்கு என்று பழமொழி சொல்வதில்லை.
இறந்ததற்கு அண்ணனுக்கு, டிரிப்புக்கு நூற்றெண்பது ரிங்கிட்.
இருப்பதற்கு எனக்கு மூன்று சென்.

இந்த வாரம் பட்டியலில் ஒரு பெயர் புதிது:
சுற்றுலா வாகனம்.
பச்சை ஜீப், ஆறு தொப்பிகள்,
அத்தனை பேரும் என் கேமராவுக்கு முதுகு.
முன்னால் நின்று கையை நீட்டிக் காட்டுகிறவன்,
புதுச்சட்டை, அதே தழும்பு.
நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன்.
இந்த மாதம் லென்ஸைத் துடைத்தது வேறொரு பையன்.
சரியாகத் துடைக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு வேண்டுகோளும்:
விளம்பரத் தாளுக்கு ஐந்து யானைப் படம் வேண்டும்,
தந்தம் நன்றாகத் தெரிவதாகப் பார்த்து.

மூத்தவளை அனுப்பினேன்.
ஆற்றுச்சேறு இடுப்புவரை,
நேராக நம்மைப் பார்க்கிற படம்.
ஐந்து நிமிடத்தில் பதில்: வேறு.

கீழே கடைசி எல்ஆர்டி போய்விட்டது.
அடுத்த படம்.
சாம்பல் நிறம் மட்டும், ஓரம் முதல் ஓரம் வரை.
பெரிதாக்கினேன்: சுருக்கம், சுருக்கத்துக்குள் சுருக்கம்,
ஒரு முடி.
கேமராமேல் சாய்ந்து யாரோ சொறிந்துகொள்கிறார்கள்.
அடையாளம் தெரியாவிட்டால் வெற்று என்பது விதி.

யானை என்று போட்டேன்.
மிச்சம் இரண்டரை சென்னை
யார் கணக்கில் எழுதுவார்களோ.